திண்ணை முதல் காலனி வரை: தமிழ்ச் சிறார் எழுத்தறிந்த வரலாறு



நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு செயலாளர் பணித்தபோது நாம் சில நாள் தயங்கினோம். நாம் பட்டம் பெற்ற புலவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தர். ஆயினும் அந்த 'எழுத்தர்' என்னும் சொல்லே நமக்குப் பொருளையும் எடுத்துத் தந்தது. எழுத்தினால் உண்டு உடுத்து வாழ்கின்ற நாம், அவ்வெழுத்தை நம் முன்னோர் தம் மக்களுக்கு எவ்வாறு புகட்டினர் என்பதை ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

இப்பொழுது எண்ண வேண்டிய காரணமும் உண்டு. மாலை வேளையில் நம் காலனியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், குவார்ட்டர்ஸ் வாயில்களில் நம் குழந்தைகள் தமிழ் பேசும் ஒலி செவிக்கு இன்பம் தருகிறது. அம்மாவிடம் கெஞ்சுவதும் தங்கையோடு சண்டையிடுவதும் தமிழிலேயே நடக்கின்றன. ஆனால் அக்குழந்தைகளின் கையில் ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலோர் படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவர். பேசத் தெரிந்த மொழியைப் படிக்கத் தெரியாத தலைமுறை ஒன்று நம் கண்ணெதிரே வளர்ந்து வருகிறது. மருந்து கொடுக்குமுன் நோயின் வரலாற்றைக் கேட்பது வைத்தியர் வழக்கம். அவ்வழக்கத்தையே நாமும் ஈண்டு மேற்கொள்வோம்.

திண்ணையும் மணலும்

பழந்தமிழகத்தில் கல்விச்சாலை என்பது பெரும்பாலும் ஒரு வீட்டுத் திண்ணையே. ஊர்ப் பெரியவர் ஒருவர் திண்ணையை ஒழித்துக் கொடுப்பார். ஆசிரியர் ஒருவர் அங்கு அமர்ந்து இருபது முப்பது பிள்ளைகளுக்குக் கற்பிப்பார். நெல்லும் காய்கறியும் சிறு காசுமாகப் பெற்றோர் தருவதே அவருக்கு ஊதியம். ஐந்து வயது நிரம்பிய பிள்ளையை நல்ல நாள் பார்த்து, சிறப்பாக விசயதசமியன்று, பள்ளியில் வைப்பர். தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் ஆசிரியர் பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதுவிப்பார். மறுநாள் முதல் அரிசியின் இடத்தில் மணல் வரும்.

மணலில் எழுதும் முறை ஏழைமையினால் வந்த குறுக்கு வழி என்று எண்ணலாகாது. பிள்ளை எழுத்தை விரலால் வரையும்போதே அதன் ஒலியை உரக்கச் சொல்ல வேண்டும். கை வரைகிறது, கண் பார்க்கிறது, வாய் சொல்கிறது, செவி கேட்கிறது. நான்கும் ஒருங்கே உழைத்தமையால் எழுத்து மனத்தில் ஊன்றியது. தவறினால் உள்ளங்கையால் ஒரு முறை தடவிவிட்டு மீண்டும் எழுதலாம். தாளும் மையும் வீணாவதில்லை. அடித்தல் திருத்தல் என்ற அவமானமும் இல்லை.

எழுத்து கைவந்தபின் பனையோலை. ஓலையை இடக்கையில் பிடித்து எழுத்தாணியால் கீற வேண்டும். மடக்கெழுத்தாணி, வாரெழுத்தாணி, குண்டெழுத்தாணி என எழுத்தாணியில் பல வகை உண்டு. கீறிய எழுத்து கண்ணுக்குப் புலப்படுவதற்காக மஞ்சள், கோவையிலைச் சாறு, வசம்புக் கரி முதலியவற்றைத் தடவுவர். முதற் சுவடி அரிச்சுவடி. அரியை வணங்கித் தொடங்கியமையால் அப்பெயர் பெற்றது என்பர். பின்னர் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, நிகண்டு என்று பாடம் வளரும். எழுத்தோடு எண்ணும் இணைந்தே வரும். எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் ஆகியவற்றைப் பிள்ளைகள் கூட்டமாக ஒப்பிப்பர். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அரைக்காணி 160இல் ஒரு பங்கு. காணி 80இல் ஒரு பங்கு. மா 20இல் ஒரு பங்கு. இவற்றையெல்லாம் பத்து வயதுப் பிள்ளை வாய்க்கணக்காகக் கூட்டிக் கழிப்பான்.

எங்கள் பாட்டனார் சோழநாட்டுச் சிற்றூர் ஒன்றில் இத்தகைய பள்ளியில் பயின்றவர். கடைக்காரர் தாளை எடுத்துக் கணக்கிடுமுன் அவர் தொகையைச் சொல்லிவிடுவார். நாம் சிறு பிள்ளையாக இருந்தபோது, நம் விரலைப் பிடித்து வாசல் மணலில் 'அ' எழுதப் பழக்கியவரும் அவரே. அவ்விரலின் பிடி இன்றும் நினைவில் உள்ளது.

திண்ணைப் பள்ளியின் மற்றொரு சிறப்பு சட்டாம்பிள்ளை. ஒரே ஆசிரியர் பல நிலைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க இயலாதாகையால், முன்னேறிய மாணவன் பின்தங்கியவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். கற்றதைப் பிறர்க்குச் சொல்லுந்தோறும் அவன் கல்வியும் உறுதிப்பட்டது.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. பிரம்படியும் குட்டும் நாள்தோறும் உண்டு. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் 'கோதண்டம்' என்னும் கொடிய தண்டனையும் இருந்தது. பொருள் விளங்காமலே செய்யுட்களை நெட்டுருச் செய்த பிள்ளைகள் பலர். இவற்றினும் பெரிய குறை, அத்திண்ணையில் ஏற இடம்பெறாத பிள்ளைகள் ஊரில் ஏராளமாக இருந்ததாகும். ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்கு அங்கு இடமில்லை. பெண்மக்களுக்கும் பெரும்பாலும் இல்லை. பழைமையைப் போற்றுவோர் இதனையும் சேர்த்தே நினைவிற் கொள்ள வேண்டும்.

கடல் கடந்து வந்த மாணவர்கள்

தமிழ் அச்சேறிய வரலாறு நம் காலத்துப் பெற்றோர்க்கு வியப்பளிப்பதாகும். 1554இல் போர்ச்சுக்கல் நாட்டுத் தலைநகராகிய லிஸ்பனில் சமய பாடச் சிறுநூல் ஒன்று அச்சாயிற்று. அதில் தமிழ்ச் சொற்கள் உண்டு. தமிழ் எழுத்து இல்லை. தமிழை உரோமன் எழுத்தில் அச்சிட்டனர். தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. 16 பக்கங்களே கொண்ட அந்நூலைத் தந்தவர் அண்டிரிக் அடிகளார். உரோமன் எழுத்திலிருந்து தமிழ் எழுத்துக்கு வருவதற்கு அன்று 24 ஆண்டுகள் ஆயின. இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் பாட்டிக்குத் தமிழ்ச் செய்தி அனுப்பும்போது ஆங்கில எழுத்தையே பயன்படுத்துகின்றனர். நாம் 1554ஆம் ஆண்டுக்குத் திரும்பிச் செல்கிறோமோ என்ற ஐயம் எழுகிறது.

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய செருமானியப் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்ற கதை இன்னும் சுவையானது. அப்பொழுது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்து நான்கு. அவர் இலக்கணப் புலவரைத் தேடி ஓடவில்லை. திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இருப்பிடத்திலேயே பள்ளி நடத்துமாறு வேண்டி, சிறுபிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். அவ்வாறு தொடங்கியவர் சில ஆண்டுகளிலேயே புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715இல் அச்சிட்டு முடித்தார். வயது வந்தவர் குழந்தைகளோடு அமர்ந்து அகரம் தொடங்குவது இழுக்கன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அவருக்குச் சில ஆண்டுகள் பின்னர் வந்தவர் வீரமாமுனிவர். ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும்; ஆதலால் ஏட்டில் எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவர். மெய்யெழுத்துக்கும் உயிர்மெய்க்கும் வேறுபாடு தோன்றாது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவில் நின்றன. இடம் நோக்கி ஊகித்தே படிக்க வேண்டும். கற்றவர்க்கு அது எளிது. கற்கப் புகும் சிறுவர்க்கோ பெருந்தொல்லை. நெட்டெழுத்துகளுக்குத் தனி வடிவம் வகுத்து இத்தொல்லையைத் தீர்த்தவர் வீரமாமுனிவர். இன்று நம் பிள்ளை 'எடு' என்பதையும் 'ஏடு' என்பதையும் மயங்காமல் படிக்கிறதென்றால் அதில் அவர் பங்கும் உண்டு.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

ரயில்வே ஊழியராகிய நாம் எழும்பூரை அறிவோம். 1908இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தின் படிகளில் ஏறி இறங்காத தமிழர் அரியர். ஆனால் உலகக் கல்வி வரலாற்றில் எழும்பூர் இடம்பெற்ற செய்தியை நம்முள் எத்தனை பேர் அறிவர்?

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787இல் சென்னை வந்து, 1789இல் எழும்பூரில் தொடங்கிய ஆண்பிள்ளைகள் அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்றார். படைவீரர்களின் பிள்ளைகள் அங்கு வளர்ந்தனர். அவர்களுக்கு எழுத்தறிவிப்பது பெரும்பாடாக இருந்தது. ஒருநாள் காலை குதிரைமீது உலாவச் சென்ற பெல், திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டார். உடனே தம் விடுதியிலும் அவ்வாறே செய்யுமாறு ஆசிரியரைப் பணித்தார். அவர் அது நடவாத காரியம் என்று மறுத்துவிட்டார். பெல் சளைக்கவில்லை. எட்டு வயதே ஆன ஜான் பிரிஸ்கென் என்ற மாணவனை அழைத்து, கீழ் வகுப்புக்கு அவனையே ஆசிரியனாக்கினார். முதிர்ந்த ஆசிரியரால் முடியாததை அச்சிறுவன் செய்து காட்டினான். அதன்மேல் பள்ளி முழுவதையுமே மாணவர் மாணவர்க்குக் கற்பிக்கும் முறைக்குப் பெல் மாற்றினார்.

தாயகம் திரும்பிய பெல் 1797இல் தம் சோதனையை நூலாக வெளியிட்டார். அம்முறைக்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் வழங்கிற்று. 1811இல் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காக இங்கிலாந்துத் திருச்சபையார் அமைத்த தேசியச் சங்கம் அம்முறையையே கைக்கொண்டது. பெல்லின் பிறப்பூரான செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பொருளைக்கொண்டு 1833இல் நிறுவப்பட்ட பள்ளி இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றே அழைக்கப்படுகிறது. ஸ்காட்லாந்துக் குளிரில் கம்பளி உடுத்துச் செல்லும் சிறார் தம் பள்ளியின் பெயரால் நம் மணலையும் சட்டாம்பிள்ளையையும் நினைவூட்டுகின்றனர் என்பது மிகையன்று.

மன்றோ எடுத்த கணக்கு

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர் என்று கணக்கெடுக்குமாறு ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். 1826இல் அவர் அக்கணக்கைத் தொகுத்து எழுதினார். 1,28,50,941 மக்கள்தொகை கொண்ட மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. பயின்றோர் 1,88,650 பேர். வீடுகளிலேயே கற்ற பிள்ளைகளையும் சேர்த்தால் ஆண்பிள்ளைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கல்வி பெற்றனர் என்பது மன்றோவின் மதிப்பு. பள்ளியில் பயின்ற பெண்பிள்ளைகளோ 4,540 பேரே. நூற்றுக்கு மூவர்கூட இல்லை.

பல்லாரி ஆட்சியராயிருந்த காம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை இவற்றுள் புகழ் வாய்ந்தது. காலையில் முதலில் பள்ளிக்கு வந்த பிள்ளையின் உள்ளங்கையில் கலைமகளின் பெயரை எழுதிச் சிறப்பிப்பார்களாம். இரண்டாவதாக வந்தவனுக்குப் புகழுமில்லை இகழுமில்லை என்று ஒரு சுழி. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பின்னே வருவோர்க்கு ஒவ்வொன்றாக ஏறும். குறைந்த செலவில் எழுத்துக் கற்பிக்கும் திறத்தையும், மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் அவர் பாராட்டினார். இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்றும் எழுதினார். அதே வேளையில், பொருளறியாது கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கும் குறையையும் சுட்டினார். தம் மாவட்டத்திலுள்ள 533 கல்விக்கூடங்களுள் ஒன்றேனும் அரசின் உதவி பெறவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். நெசவுத் தொழில் நலிந்து குடும்பங்கள் வறுமையுற்றமையால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப இயலாமற் போயிற்று என்றும் அவர் காரணம் காட்டினார். வீட்டில் அடுப்பு எரியாவிடில் திண்ணையில் எழுத்து ஒலிக்காது என்னும் உண்மை அன்றே பதிவாகிவிட்டது.

சிலேட்டும் சோறும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் திண்ணைப் பள்ளிகள் மெல்ல மறைந்தன. 1854இல் வந்த கல்வி அறிக்கைக்குப் பின் அரசின் உதவித்தொகை பெறும் தொடக்கப் பள்ளிகள் பெருகின. மணலின் இடத்தில் சிலேட்டும் பல்பமும், ஓலையின் இடத்தில் அச்சுப் புத்தகமும் வந்தன. திண்ணை விரிந்து கூடமாயிற்று. முன்பு படியேற இயலாதிருந்த பிள்ளைகளும் போராடி உள்ளே வந்தனர்.

பசித்த பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதை உணர்ந்து, 1920இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் பகலுணவு அளித்தது. 1956இல் காமராசர் அதனை மாநிலமெங்கும் பரப்பினார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார். 2022இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கிற்று. எழுத்தறிவித்த வரலாற்றில் சோற்றுக்கு உரிய இடத்தை எந்த மாநிலத்தாரும் தமிழரிடம் கற்கலாம்.

எழுத்தின் வடிவமும் மாறியது. பெரியார் 1935 முதல் தம் 'குடிஅரசு' இதழில் கையாண்ட சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா என்பனவும், ணை, லை, ளை, னை என்பனவும் முன்பு தனித்தனி வடிவம் பெற்றிருந்தன. துதிக்கை தூக்கிய யானைபோல் நின்ற பழைய லையை நம் வீட்டு முதியோரின் கடிதங்களில் இன்றும் காணலாம். அவ்விலக்குகள் நீங்கிப் பொது விதிக்குள் வந்தமையால் சிறுவரின் சுமை ஓரளவு குறைந்தது.

கற்பிக்கும் முறையிலும் மாற்றம் வந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் பரவியது. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்து, படிப்படியாய் ஏறும் ஏணிபோல் அமைந்த அட்டைகளைத் தாமே எடுத்துப் பயின்றனர். முன்னேறிய பிள்ளை அடுத்த பிள்ளைக்கு உதவிற்று. நம் பாட்டனார் கண்டிருந்தால் "இது எங்கள் சட்டாம்பிள்ளை அல்லவா?" என்று நகைத்திருப்பார். 2022இல் 'எண்ணும் எழுத்தும்' என்னும் திட்டம் வந்தது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் படிக்கவும் எழுதவும் கணக்கிடவும் அறிய வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

நம் நிலை

இவையெல்லாம் தாயகத்தின் கதை. ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு என்ன வழி? 1956இல் நம் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350அ என்னும் பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. தமிழர் பெருந்தொகையாக வாழும் இடங்களில் பயன் கிட்டியும் உள்ளது. பம்பாய் மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது. தில்லியில் 1923இல் அரசு அலுவலர்களாய்ச் சென்ற நம்மவர் தொடங்கிய கல்விச் சங்கமே தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்து பள்ளிகளை நடத்துகிறது. கோடையில் சிம்லாவுக்கும் குளிரில் தில்லிக்கும் அரசு இடம்பெயர்ந்த காலத்தில், தாமும் மூட்டை கட்டிக்கொண்டு அலைந்த எழுத்தர்களே அதற்கு வித்திட்டவர்கள் என்பதை நாம் பெருமையோடு நினைக்கிறோம்.

ஆனால் நம் காலனி போன்ற சிற்றிடத்தில், இன்று வந்து நாளை மாற்றலாகிச் செல்லும் சில குடும்பங்களுக்காகத் தனிப்பள்ளி வைத்தல் எளிதன்று. ஆதலால் பொறுப்பு வீட்டிற்கு வந்துவிடுகிறது. அப்பொறுப்பில் தவறியவர்களுள் நாமும் ஒருவர்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் குளிர்காலத்தில் எங்கள் தாயார் ஊரிலிருந்து வந்து மூன்று திங்கள் தங்கினார். கண்ணில் அறுவை செய்துகொண்ட காலம், வாசிக்க இயலவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த வார இதழை, அப்பொழுது பதின்மூன்று வயதாயிருந்த எங்கள் மகனிடம் நீட்டி, "ராசா, இதைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டப்பா" என்றார். அவன் இதழை வாங்கிப் புரட்டினான். நம் முகத்தைப் பார்த்தான். "பாட்டி, எனக்கு இந்தி வாசிக்கத் தெரியும், இங்கிலீஷும் வாசிப்பேன்" என்று தலைகுனிந்து கூறினான். தாயார் அவனையும் கடியவில்லை, நம்மையும் கடியவில்லை. இதழை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

குற்றம் அவனுடையதன்று. "அடிக்கடி மாற்றல் வருகிறது, முதலில் இந்தி நிலைக்கட்டும், தமிழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆண்டுதோறும் தள்ளிவைத்தவர் நாமே. அந்தப் 'பிறகு' வரவே இல்லை.

மறுநாள் காலை தாயார் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பினார். எங்கள் ஐந்து வயது மகளை மடியருகே அமர்த்தி, விரலைப் பிடித்து 'அ' எழுதுவித்தார். கண் பார்வை மங்கியிருந்தாலும் கைக்கு வழி தெரிந்திருந்தது. மூன்றாம் நாள் நாம் அலுவலகம் புறப்படும்போது பார்த்தோம்: தங்கையின் பக்கத்தில் மகனும் அமர்ந்திருந்தான். நாம் ஒன்றும் கேளாமல் குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினோம்.

தாயார் ஊர் திரும்பிய ஒரு திங்களில் அஞ்சலட்டை ஒன்று வந்தது. கோணல்மாணலான எழுத்து, பழைய துதிக்கை லை. அதை மகனே எடுத்து, எழுத்துக் கூட்டி, நடுநடுவே நின்று, முழுவதும் நமக்கு வாசித்துக் காட்டினான். அந்த லை அவனுக்குப் புரியாத இடத்தில் மட்டுமே நாம் உதவினோம்.

கற்பிப்போர்க்குச் சில குறிப்புகள்

சங்கத்தில் நடைபெறும் ஞாயிறு வகுப்பில் சென்ற ஆண்டு முதல் நாமும் துணைபுரிந்து வருகிறோம். அங்குக் கண்டவற்றைச் சுருங்கக் கூறுகிறோம்.

முதலாவது, 247 என்ற எண்ணைச் சொல்லிக் குழந்தைகளை அஞ்சுவித்தல் வேண்டா. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. உயிரும் மெய்யும் கூடிப் பிறந்தவையே ஏனைய 216. துணைக்கால், கொம்பு, கொக்கி முதலிய குறிகள் சிலவற்றை அறிந்துவிட்டால் பெரும்பகுதி தானே வரும். உகர ஊகார வரிசை மட்டும் எழுத்துக்கெழுத்து வடிவம் மாறுவது. கு, சு, டு, து, மு என்பவற்றைப் பாருங்கள். அங்கே பொறுமையும் பயிற்சியும் மிகுதியாக வேண்டும்.

இரண்டாவது, நெடுங்கணக்கு வரிசையிலேயே தொடங்க வேண்டும் என்பதில்லை. ட, ப, ம என்ற எளிய வடிவங்களில் தொடங்கினால் முதல் நாளிலேயே 'படம்', 'மடம்', 'பட்டம்' என்று சொற்களைப் பிள்ளை படித்துவிடும். ஒரு சொல்லைத் தானே படித்த மகிழ்ச்சிக்கு ஈடான பரிசு வேறில்லை.

மூன்றாவது, இந்தி பயின்ற பிள்ளைகளுக்கு இரண்டு இடர்ப்பாடுகள் உண்டு. தமிழ் எழுத்துக்கும் மேலே கோடிட்டுத் தொங்கவிடுவர். அது சில வாரங்களில் நீங்கும். மற்றொன்று, "க என்ற ஒரே எழுத்துக்கு எத்தனை ஒலி?" என்று கேட்பர். நல்ல கேள்வி, அதற்குச் சினவாமல் விடை கூற வேண்டும். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வலிந்து ஒலிக்கும். 'கல்', 'பக்கம்' என்பனபோல. மெல்லெழுத்தை அடுத்து வந்தால் மெலியும், 'தங்கம்' என்பதுபோல. உயிர்களின் நடுவே இன்னும் நெகிழும்; 'காகம்' என்பதில் இரண்டாம் எழுத்தைச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் பேச்சில் முன்பே இவ்விதியைப் பின்பற்றுகின்றனர். அதை எடுத்துக்காட்டுவதே நம் வேலை.

நான்காவது, எழும்பூர்ச் சிறுவன் பிரிஸ்கெனை மறவாதீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கற்பிக்கட்டும். வகுப்பில் இப்பொழுது எங்கள் மகன் ஒரு சட்டாம்பிள்ளை. தான் தாமதமாகக் கற்றதனாலேயே, எங்கே கால் இடறும் என்பதை அவன் நம்மைக் காட்டிலும் நன்கு அறிந்திருக்கிறான். பிரம்பு மட்டும் வேண்டா.

இறுதியாக, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ரயிலே நமக்குப் பள்ளிக்கூடம். சென்னை செல்லும் வண்டி தமிழக எல்லைக்குள் நுழைந்ததும் நிலையப் பலகைகளில் தமிழ் முதல் வரியாக நிற்கும். ஆரம்பாக்கம், எளாவூர், கும்மிடிப்பூண்டி என்று குழந்தைகளைச் சாளரத்தருகே அமர்த்திப் படிக்கச் செய்யுங்கள். சென்ற கோடையில் எங்கள் மகள் 'கும்மிடிப்பூண்டி'யில் பாதி படிப்பதற்குள் வண்டி கடந்துவிட்டது. திரும்பும்போது முழுதும் படித்துவிடுவதாகச் சூள் உரைத்தாள். அவ்வாறே படித்தும் காட்டினாள்.

அன்பர்களே, திண்ணைக்கு அரசு உதவவில்லை. ஆயினும் ஊர் உதவிற்று. நமக்குத் திண்ணை இல்லை. சங்கக் கூடம் இருக்கிறது. ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு அதன் கதவு திறந்திருக்கும். ஒரு தட்டும் ஒரு பிடி மணலும் நாம் வைத்திருக்கிறோம். குழந்தையை அழைத்து வருவதொன்றே உங்கள் கடமை. பெரியவர்களுள் எழுத்தறியாதார் இருப்பின் அவர்களும் கூசாமல் வந்து அமரலாம். தரங்கம்பாடியில் அமர்ந்தவரும் பெரியவரே.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!